பன்னிரண்டாவது பயிலுநர்

‘பாடசாலைக் கல்வியை விட்டு விலகிய, பதினேழு வயதுக்கும் இருபத்தெட்டு வயதுக்கும் இடைப்பட்ட, தொழிலற்ற, நல்ல உடற்தகுதியும் உயரமான இடங்களில் வேலை செய்யும் துணிவும் கொண்ட இளைஞர்.’

மாத்தளை நகரிலிருந்து அலுவிகாரைக்குப் போகும் வழியில் உள்ள அரச சமுதாயக் கல்லூரி, தமிழ்மொழி மூலக் குழாய் பொருத்துநர் பாடநெறிக்குத் தான் எதிர்பார்க்கும் பயிலுநரை இப்படித்தான் வருணித்திருந்தது. அந்த வருடம் அந்த வகுப்பில் மிகவும் ஒழுங்காக வந்துபோன பயிலுநரின் பெயர் நூருன்னிஸா. வயது ஐம்பத்திரண்டு. விதவை. ஒரு பேரப்பிள்ளை உண்டு. மின்விசிறியைத் துடைப்பதற்குக்கூட நாற்காலியில் ஏறமாட்டார், தலை சுற்றும்.

நியாயமாகப் பார்த்தால், வருணனையில் இரண்டு சொற்கள் அவருக்குப் பொருந்தின. பாடசாலையை விட்டு அவர் விலகியிருந்தார். விலகி முப்பத்தாறு வருடங்கள் ஆகியிருந்தன. தொழிலற்றவராகவும் இருந்தார். காலையில் எழுந்து இரவு படுக்கும்வரை வேலை செய்துகொண்டேயிருந்தாலும், அதற்கு யாரும் சம்பளம் கொடுத்ததில்லை என்பதால் அரசாங்கத்தின் பார்வையில் அது தொழில் ஆகாது.

குழாய்மேல் அவருக்கு அக்கறை வந்தது கணவர் இறந்து இத்தாவில் இருந்தபோது. கணவர் ஹாஷிம் மிளகும் கராம்பும் வாங்கி விற்றவர். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் புறப்பட்டவர் செருப்பைப் போட்டபடியே சாய்ந்துவிட்டார். அதன்பிறகு முறைப்படி நாலு மாதம் பத்து நாள் நூருன்னிஸா வீட்டுக்குள் இருந்தார். அந்நிய ஆண்களின் கண்ணில் படக்கூடாது. மார்க்கம் கேட்பது ஓரளவு. சுற்றியிருக்கும் பெண்கள் கேட்பது அதைவிடக் கூட. வாசலுக்கு ஒரு திரை, ஜன்னலுக்கு ஒரு திரை, அறைக்கு ஒரு திரை என்று அவர்களே வந்து கட்டிவிட்டுப் போனார்கள். குசினித் தொட்டியின் அடியில் ஓடிய குழாய்க்கு மட்டும் யாரும் திரை கட்டவில்லை. இரண்டாம் மாதம் அது வெடித்தது.

குழாய்வேலைக்காரர் வந்தார். நூருன்னிஸா அறைக்குள், கதவு சாத்தியிருந்தது. நடுவில் நின்றவர் தம்பி ஜிப்ரி. ஜிப்ரிக்கு நகரில் ஹார்ட்வெயார் கடை. குழாய், எல்போ, வால்வு எல்லாம் விற்று வயிறு வளர்த்தவர். விற்பது ஒரு வித்தை, பொருத்திப் பூட்டுவது வேறொரு வித்தை என்பது அன்றுதான் வெளியே தெரிந்தது.

“ராத்தா, மெயின் வால்வு எங்க ஈக்குன்னு கேக்குறாரு.”

“பின் மதிலோரமா.”

“பின் மதிலோரமாம்.”

குழாய்வேலைக்காரர் பின் மதிலுக்குப் போனார். அங்கே இரண்டு வால்வுகள் இருந்தன. ஒன்று பக்கத்து வீட்டுக்குரியது.

“எந்த வால்வுன்னு கேக்குறாரு.”

“செவப்புக் கைபிடி.”

“ரெண்டும் துருப்பிடிச்சு ஒரே நெறமா ஈக்காம்.”

“அப்ப வலப்பக்கம்.”

“வலப்பக்கம்னா, அவருக்கு வலப்பக்கமா, ஒங்களுக்கு வலப்பக்கமா?”

நூருன்னிஸா அறைக்குள் நின்று தன் இரண்டு கைகளையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார். அதற்குள் குழாய்வேலைக்காரர் ஒன்றை மூடிவிட்டார். பக்கத்து வீட்டில் தலைக்குச் சோப்புப் போட்டபடி நின்ற மனிதர் மதிலுக்கு அப்பாலிருந்து சத்தம் போட்டார். நூருன்னிஸாவின் குசினியில் தண்ணீர் கணுக்கால்வரை வந்தது. கதவுக்கு அடியால் அறைக்குள்ளும் வந்தது. தண்ணீருக்கு இத்தா கிடையாது. கட்டிலில் கால்களைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தபோதுதான் இந்த எண்ணம் தோன்றியதாக அவர் பின்னாளில் சொன்னார். ஊரில் எத்தனையோ வீடுகளில் பகலில் பெண்கள் மட்டும். ஆண்கள் கடையில், அல்லது கத்தாரில். ஒரு குழாய் வெடித்தால் அந்தப் பெண்கள் யாராவது ஆண் வரும்வரை வாளி வைத்துக் காத்திருக்கிறார்கள். பூட்டத் தெரிந்த ஒருத்தி இருந்தால் எவ்வளவு நல்லது.

இத்தா முடிந்த வாரத்திலேயே தம்பியிடம் சொன்னார். ஜிப்ரி சிரித்தார்.

“ராத்தா, பொம்பள ஒருத்தி பைப் ரெஞ்ச தூக்கிட்டு வந்தா யாரு கதவத் தொறப்பாங்க?”

“பொம்பளதான் தொறப்பா. ஆம்பள வந்தாத்தான் தொறக்க ஏலாம நிக்கிறாங்க.”

“சேட்டிபிகேட் இல்லாம நம்புவாங்களா?”

“எடுக்குறேன்.”

“எடுத்துட்டு வாங்க. என்ட கடை முன்னுக்கே ஒங்கட பேர்ல போர்ட் போடுறேன்.”

இந்த வாக்குறுதியை ஜிப்ரி எந்தப் பயமும் இல்லாமல் கொடுத்தார். நடக்காத காரியங்களுக்கு வாக்குறுதி கொடுப்பதில் அவருக்கு எப்போதுமே தாராள மனசு.

கல்லூரி விஷயத்துக்கு வருவோம். அங்கே படிப்பு இலவசம். பஸ் சீசன் டிக்கட்டுக்கு உதவி உண்டு, ஒழுங்காக வருபவர்களுக்கு நாளாந்தம் ஒரு சிறு கொடுப்பனவும் உண்டு. மாணவன் தன் கையால் செலவழிக்க வேண்டியது நீல ஓவரோலுக்கும் ஒரு சோடிக் கனத்த சப்பாத்துக்கும் மட்டுமே. இதுதான் கல்லூரியின் பெரிய பலவீனம். ஊர்மக்கள் இலவசத்தை நம்புவதில்லை. நகர் மத்தியில் ஒரு டைல் கடைக்கு மேலே ‘கெம்பஸ்’ என்ற தனியார் கல்லூரி ஒன்று இருக்கிறது. அங்கே தவணை முறையில் லட்சக்கணக்கில் வாங்கிக்கொண்டு, கடைசியில் கறுப்பு அங்கியும் தொப்பியும் போட்டுப் படம் எடுத்துக் கொடுக்கிறார்கள். பெற்றோர் நகையை அடகு வைத்துப் பிள்ளைகளை அங்கே அனுப்புகிறார்கள். அரசாங்கம் காசு கொடுத்துப் படிக்கக் கூப்பிடும் இடத்துக்கு வருகிறவர்கள் வேறு ரகம். ஓ.எல். என்னும் சாதாரண தரப் பரீட்சையைத் திரும்ப எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருப்பவர்கள், விசாவுக்குக் காத்திருப்பவர்கள், வீட்டிலிருந்தால் வாப்பாவின் வாய்க்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள். கல்லூரி அவர்களைப் பயிலுநர் என்கிறது. அவர்கள் தங்களைக் காத்திருப்பவர்கள் என்று நினைக்கிறார்கள். இரண்டு தரப்பும் இதைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை.

இந்த நிலையில்தான் பதிவுக்கான கடைசி நாளன்று நூருன்னிஸா அலுவலகத்தில் போய் உட்கார்ந்தார். அங்கே பதிவுப் பொறுப்பில் இருந்தவள் மபாஸா. ஒரே தெருக்காரி, சின்ன வயதில் நூருன்னிஸாவிடம் குர்ஆன் ஓதப் பழகியவள்.

“மாமி, யாரச் சேர்க்க வந்தீக்கிறீங்க?”

“என்னத்தான்.”

மபாஸா பேனாவை வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். பிறகு ஒரு விதியை எடுத்து விளக்கினாள். பன்னிரண்டு பேர் சேராவிட்டால் தமிழ் வகுப்பு நடக்காது. பதிந்தவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இப்போது பதினொரு பையன்கள் இருக்கிறார்கள். இப்படி ஆள் குறையும்போது மட்டும் எண்ணிக்கையைப் பூர்த்தி செய்வதற்காக வயதெல்லையைத் தளர்த்தலாம்.

“வெளங்கிச்சா மாமி? நீங்க படிக்க வார மாதிரிச் சேர ஏலா. குறைய நெரப்ப வார மாதிரித்தான் ஏலும்.”

“எப்படிச் சேர்த்தாலும் பைப்பு ஒண்டுதானே?”

“இன்னும் ஈக்கு. ரெண்டாம் மாசக் கடைசி வரைக்கும் புது ஆள் எடுப்பாங்க. வயசுக்குள்ள பன்னெண்டு பேர் சேந்துட்டா ஒங்கட பேர வெட்டிருவாங்க. பன்னெண்டுக்குக் கொறஞ்சா வகுப்பயே வெட்டிருவாங்க.”

ஆக, நூருன்னிஸா அந்த வகுப்பில் இருக்க வேண்டுமானால், அவரைத் தவிர இன்னும் பதினொரு பேர் இருக்க வேண்டும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. கல்வி விரிவடைந்தால் அவர் வெளியே. சுருங்கினால் எல்லோரும் வெளியே. மாவட்டத்துத் தமிழ் பேசும் இளைஞர்கள் இப்போது இருக்கும் அளவு அக்கறையின்மையோடு அப்படியே இருந்துவிட வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே பிரார்த்தனை.

முதல் நாள் அவர் வகுப்புக்குள் நுழைந்தபோது பதினொரு பையன்களும் எழுந்து நின்றார்கள். கொழும்பிலிருந்து பார்வையிட வந்த மேலதிகாரி என்று நினைத்திருக்கிறார்கள். அவர் நேரே போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்து, ஹாண்ட்பேக்கிலிருந்து கொப்பியை எடுத்ததும்தான் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். போதனாசிரியர் ஒஸ்வல்ட்டும் ஒரு கணம் தயங்கிவிட்டு, பெயர் கூப்பிடும்போது பதினொரு பேரை வெறும் பெயராலும் ஒருவரை ‘நூருன்னிஸா அக்கா’ என்றும் கூப்பிட்டார். அன்றிலிருந்து அதுவே வழக்கமாயிற்று.

ஓவரோலை அவர் நீண்ட பாவாடைக்கு மேல் போட்டு, மேலே தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொள்வார். பையன்களில் வாய் கூடியவன் றினோஸ். கத்தார் விசாவுக்குக் காத்திருப்பவன்.

“மாமி, நீங்க ரெஞ்ச பிடிக்கிறது புட்டுக் குழலப் பிடிக்கிற மாதிரியே ஈக்கு.”

“ஓம் மகன். நீ பிடிக்கிறது போனப் பிடிக்கிற மாதிரி ஈக்கு. ரெண்டு பெருவெரலாலயும் தடவாம இறுக்கு.”

“சேர், மாமி ஏசுறாங்க.”

“அவங்க சொல்றது சரி,” என்றார் ஒஸ்வல்ட். “ஒன் மூட்டுல தண்ணி ஒழுகுது பார்.”

நூருன்னிஸா பெரிய திறமைசாலி என்று யாரும் சொல்லவில்லை. குழாய் மரையில் ஒழுக்கைத் தடுக்கும் வெள்ளை நாடாவை எந்தப் பக்கமாகச் சுற்றுவது என்பது அவருக்கு மூன்றாவது வாரம்தான் பிடிபட்டது. ஏணியில் இரண்டாம் படிக்கு மேல் ஏறவில்லை. மேலே செய்ய வேண்டியதை ஒரு பையன் செய்தான், பதிலுக்கு அவனுடைய கொப்பியை அவர் எழுதிக் கொடுத்தார். ஆனால் ஒருநாளும் வராமல் இருந்ததில்லை. அது மட்டுமல்ல, வராதவர்களைத் தேடி இடைவேளையில் போன் எடுத்தார். ‘மகன், காய்ச்சலா? பனடோல் போட்டுட்டு வா. வந்து பின்னுக்குச் சாய்ஞ்சு இரு. ஆனா வா.’ பையன்கள் இதைத் தாய்மைப் பாசம் என்று நினைத்தார்கள். அவர் ஆட்களை எண்ணிக்கொண்டிருந்தார். கல்லூரியின் முதல் மாத அறிக்கையில் அந்த வகுப்பின் வரவு மாகாணத்திலேயே சிறந்தது என்றும், பெண்களின் பங்குபற்றல் பூச்சியத்திலிருந்து எட்டு வீதத்துக்கு உயர்ந்திருக்கிறது என்றும் எழுதப்பட்டது. எட்டு வீதம் என்றால் நூருன்னிஸா.

ஊரில் பேச்சு வேறு மாதிரி. ஜிப்ரி ஒரு மாதம் அவருடன் பேசவில்லை. கடைக்கு வருபவர்கள், ‘என்ன ஹாஜி, ராத்தா பைப் படிக்கிறாவாம்’ என்று கேட்கும்போது, ‘பொழுதுபோக்குக்குப் போறாங்க’ என்று சொல்லிவிட்டு மீதிக் காசை எண்ணுவார். அதே ஜிப்ரி, ராத்தா பயிற்சிக்குத் தன் கடையில் வாங்காமல் எதிர்க்கடையில் எல்போ வாங்கியது தெரிந்தபோது, மூன்று நாள் கோபத்தில் சாப்பிடவில்லை என்றும் கேள்வி.

இரண்டாம் மாதத்தின் கடைசி வாரத்துக்கு முந்திய வெள்ளிக்கிழமை றினோஸுக்கு விசா வந்தது. அவன் வகுப்புக்கு லட்டு கொண்டுவந்தான்.

“மாமி, துஆ செய்ங்க. அங்க போய்த்து ஒங்களுக்கும் ஒரு வேல பாக்கட்டா?”

“ஆறு மாசம் முடிச்சிட்டுப் போனா என்னடா? அங்கயும் சேட்டிபிகேட்டுக்குச் சம்பளம் கூடத்தானே.”

“டிக்கட் போட்டாச்சு மாமி.”

நூருன்னிஸா லட்டைக் கையில் வைத்துக்கொண்டு வகுப்பை ஒருமுறை பார்த்தார். தன்னோடு சேர்த்துப் பதினொன்று. அடுத்த வெள்ளிக்கிழமை பெயர்கள் கொழும்புக்குப் போகும்.

திங்கட்கிழமை கல்லூரி அதிபரின் அறையிலிருந்து வந்த ஒஸ்வல்ட்டின் முகத்தைப் பார்த்ததும் எல்லோருக்கும் விளங்கிவிட்டது. தமிழ் வகுப்பை மூடிவிட்டு விரும்பியவர்களைச் சிங்கள வகுப்பில் சேர்ப்பதாக அதிபர் சொல்லியிருக்கிறார். பையன்களுக்குச் சிங்களம் பேச வரும். அந்தப் பாஷையில் பரீட்சை எழுத வராது. நூருன்னிஸாவுக்கோ அந்த வகுப்பில் இடமே இல்லை. அங்கே எண்ணிக்கையில் குறை கிடையாது.

மபாஸாதான் வழி சொன்னாள்.

“பதிவு நேரத்துல எல்கடுவையில இருந்து ஒரு புள்ள போன் எடுத்துச்சு மாமி. ஷெனாலி. பத்தொம்பது வயசு. ஓவரோல் குடுப்பாங்களான்னு கேட்டுச்சு. பொறகு வரல்ல. அது அன்னைக்கு வந்திருந்தா நீங்க இன்னைக்கு இங்க இல்ல.”

“நம்பர் ஈக்கா?”

“ஈக்கு. ஒண்டு போதும் மாமி. ஒரே ஒண்டு.”

அந்த ஒன்றை எடுத்துவர, புதன்கிழமை வகுப்பு முடிந்ததும் நூருன்னிஸா பஸ் ஏறினார். எல்கடுவை பஸ் வளைவுக்கு வளைவு நின்று போகிற பஸ். மேலே ஏற ஏறக் குளிர்ந்தது. போனில் சொல்லியிருந்தபடி, தேயிலைத் தோட்டத்துச் சந்தியில் ஷெனாலியே வந்து நின்றாள். ஒல்லியான, நீண்ட கைகளைக் கொண்ட பெண். கண்கள் மட்டும் வேகமாக வேலை செய்தன. நடந்து போகும் வழியிலேயே ஓவரோல் பற்றிக் கேட்டுவிட்டாள்.

தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் அவளுடைய அம்மா டொறீன் அப்போதுதான் கொழுந்து பறித்துவிட்டு மலையிலிருந்து இறங்கி, காலைக் கழுவிக்கொண்டிருந்தார். வாசலுக்கு மேலே மாதா படம், அதற்குப் பக்கத்தில் கெம்பஸ்காரர்கள் வீடு வீடாகக் கொடுத்துவிட்டுப் போன கலண்டர். அதில் தொப்பி போட்ட ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். டொறீன் நூருன்னிஸாவை உட்காரவைத்துப் பிளேன்டீ கொடுத்து, வீடு வாசல் விசாரித்தார். பிறகு நேராகக் கேட்டார்.

“அம்மா, தப்பா நெனைக்காதீங்க. சும்மா சொல்லிக் குடுத்து, பஸ்ஸுக்குக் காசும் குடுக்குறாங்கன்னா, அவங்களுக்கு அதுல என்ன லாபம்?”

“கவர்மெண்டுங்க.”

“அதுதான் கேக்குறேன். கவர்மெண்ட் என்னைக்கு நமக்குச் சும்மா குடுத்துச்சு?”

நூருன்னிஸா பையைத் திறந்தார். ஓவரோலை எடுத்துக் காட்டினார், கொப்பியைக் காட்டினார், நகத்தடியில் போகாமல் இருந்த கறுப்புக் கிரீஸைக் காட்டினார். டொறீன் அந்த விரல்களைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். கலண்டரில் சிரித்த பெண்ணைவிட அந்த நகங்கள் அவருக்குக் கூடுதல் நம்பிக்கை கொடுத்தன.

“சரி. படிப்பு உண்மைதான் போல. ஆனா ஒத்தப் புள்ளையா பஸ்ஸுல அனுப்ப மாட்டேங்க. எங்க லயத்துல அப்படி யாரும் அனுப்புறதில்ல. ரெண்டு பேராத்தான் போவாங்க. வேலைக்கின்னாலும் சரி, கோயிலுக்கின்னாலும் சரி. அன்னைக்கும் அதாலதான் நின்னுச்சு.”

“இப்ப?”

“இப்ப ஜெசிந்தாவும் வாறேங்குது. அடுத்த காம்பரா வீட்டுப் புள்ள, பதினேழு வயசு.”

ஜெசிந்தா ஏற்கனவே வாசலில் நின்றாள். யாரும் அவளைக் கூப்பிட்டிருக்கவில்லை. தலையை எண்ணெய் வைத்து வாரி, ஞாயிற்றுக்கிழமைச் சுரிதாரைப் போட்டு, செருப்பையும் மாட்டியிருந்தாள். கல்லூரி அந்த நிமிடமே புறப்படப்போவது போல.

நூருன்னிஸா பிளேன்டீயைக் கீழே வைத்தார். பத்துப் பையன்கள், இரண்டு பெண்கள். வயதுக்குள் பன்னிரண்டு பேர்.

“நீ எந்த வருசம் ஓ.எல். எடுத்தாய்?” என்று ஜெசிந்தாவைக் கேட்டார். அவளுக்கு ஏதாவது ஒரு குறை இருக்கும் என்ற நம்பிக்கையோடுதான் கேட்டிருக்க வேண்டும்.

“போன வருசங்க. மூணு பாடம் பாஸ்.”

“உயரத்துல ஏறுவியா?”

“கொய்யா மரத்துல ஏறுவேன். லயத்துக் கூரைலயும் ஏறியிருக்கேன். தகர ஷீட்டு பறக்காம கல்லு வைக்க.”

“எறங்கி வந்து எங்கிட்ட அடியும் வாங்கியிருக்கு,” என்றார் டொறீன். ஷெனாலி சிரித்தாள்.

உடற்தகுதி, துணிவு, தொழிலின்மை எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியிருந்தன. கல்லூரி அந்த வருணனையை எழுதியபோது இவளைத்தான் எதிரில் நிறுத்தி வைத்து எழுதியிருக்குமோ என்று நினைக்கும்படி.

டொறீன் அந்தக் கேள்விகளைத் தவறாக விளங்கிக்கொண்டார்.

“ரெண்டு பேருக்கு எடம் இல்லையாங்க? அப்ப ஒண்ணு செய்வோம். ஒங்க வீடு டவுன்ல தானே? நீங்க தனியாத்தானே இருக்கீங்க? ஷெனாலிய ஒங்க வீட்டுல தங்க வச்சுக்குங்க. பெரிய மனுசி இருக்கிற வீடுன்னா நான் பயமில்லாம அனுப்புவேன். கெழமைக்கு அரிசி குடுத்து அனுப்புறேன். ஜெசிந்தா சின்னப் புள்ளதானே, அடுத்த வருசம் பாத்துக்கலாம்.”

இதைவிட நல்ல ஏற்பாடு இருக்க முடியாது. கேட்டது ஒன்று, கிடைப்பதும் ஒன்று. வகுப்பு மூடப்படாது, பெயரும் வெட்டுப்படாது. ஆறு மாதம் முடிந்ததும் சான்றிதழ், தம்பியின் கடை முன்னால் பெயர்ப்பலகை. வீட்டிலும் பேச்சுத் துணைக்கு ஒரு ஆள். யாருக்கும் அநியாயம் செய்ததாகவும் ஆகாது. அடுத்த வருடம் என்று ஒன்று எப்போதும் இருக்கிறது. ‘ஓம்’ என்று ஒரு சொல் சொன்னால் போதும்.

ஜெசிந்தா சுரிதாரின் சால்வையை ஒருபக்கம் இழுத்துச் சரிசெய்தாள். பிறகு மறுபக்கம் இழுத்தாள்.

“அடுத்த வருசத்துக்குள்ள இவவ என்ன செய்யப் போறாங்க?” என்று நூருன்னிஸா கேட்டார்.

“என்ன செய்வாங்க? கொழும்புல வீட்டு வேலைக்குக் கேட்டு வந்திருக்காங்க. இல்லாட்டி மாமன் மகனுக்குப் பேசுவாங்க.”

நூருன்னிஸாவுக்கு எரிச்சல் வந்தது. யார்மேல் எரிச்சல் என்று அவருக்கே தெளிவில்லை. டொறீன்மேல் என்று சொல்வதற்கில்லை. ஜெசிந்தாமேல் இருந்திருக்கலாம், கூப்பிடாமலே வந்து செருப்போடு நின்றால் யாருக்குத்தான் எரிச்சல் வராது?

“நாளைக்கு மொத பஸ் எத்தன மணிக்கு?” என்றார்.

“ஆறரைக்கிங்க.”

“ரெண்டு பேரும் அதுல வரட்டும்.”

“ரெண்டு பேருக்கும் எடம் இருக்கா?”

“ஈக்கு.”

“ஆபீஸ்ல கேக்காம எப்படிங்க சொல்றீங்க?”

“எனக்குத் தெரியும். ஈக்கு.”

அடுத்த நாள் காலையில் நூருன்னிஸா பஸ் நிலையத்தில் காத்திருந்து, இருவரையும் முன்னால் விட்டுத் தான் பின்னால் நடந்து கல்லூரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். மபாஸா நிமிர்ந்து பார்த்தாள். முதல் பெண்ணைப் பார்த்துச் சிரித்தாள். இரண்டாவது பெண்ணைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

“மாமி, ஒண்டுன்னு தானே சொன்னேன்.”

“தனியா வர மாட்டாங்களாம்.”

“நான் இவங்க ரெண்டு பேரயும் பதிஞ்சா...”

“தெரியும். பதி.”

மபாஸா குரலைத் தாழ்த்தினாள். “ஒருத்திய இப்ப பதிவம். மத்தவ சும்மா வந்து குந்தட்டும். அடுத்த வருசம் ஒழுங்காச் சேர்க்கலாம்.”

“அடுத்த வருசத்துக்குள்ள அவவக் கலியாணம் முடிச்சுக் குடுத்துருவாங்க. எனக்கு அந்தப் பயம் இல்ல. என்ன முடிச்சுக் குடுத்து, அவரு மௌத்தாகி, இத்தாவும் இருந்தாச்சு.”

ஜெசிந்தாவுக்கு இந்தப் பேச்சில் பாதி விளங்கவில்லை. விளங்கிய ஷெனாலி, “ஆன்ட்டி, அப்ப நீங்க?” என்று கேட்டாள். நூருன்னிஸா அவளுடைய அடையாள அட்டையை வாங்கி மபாஸாவிடம் நீட்டினார்.

வெள்ளிக்கிழமை பெயர்கள் கொழும்புக்குப் போயின. ஒஸ்வல்ட் அதிபரிடம் போய், வகுப்பின் பின்னால் ஒரு கதிரை போட்டு நூருன்னிஸா அக்காவை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டுப் பார்த்தார். பட்டறையில் பதியாத ஆளுக்கு ஏதாவது அடிபட்டால் காப்புறுதி கிடையாது என்று பதில் வந்தது. ஐம்பத்திரண்டு வயதில் அவர் படிப்பது குற்றமில்லை, அடிபடுவதுதான் சிக்கல்.

ஜிப்ரிக்குச் செய்தி போனது. ராத்தா கல்லூரிக்குப் போவது குடும்பத்துக்கு வெட்கம் என்று ஒரு மாதம் பேசாமல் இருந்தவர், ராத்தாவைக் கல்லூரி நிறுத்திவிட்டது என்றதும் கடையைப் பாதியில் மூடிவிட்டு வந்தார்.

“நம்மட குடும்பத்துப் பொம்பளயவா வயசு செல்லி வெளிய போடுறாங்க? நான் எம்.பி.கிட்டப் போறேன்!”

“போய்த்து என்ன செல்லுவாய்?”

“எங்கட ராத்தா பைப் படிக்கோணும்னு செல்லுவேன்!”

“அத ரெண்டு மாசத்துக்கு முந்திச் செல்லிக்கலாமே.”

ஜிப்ரி எம்.பி.யிடம் போகவில்லை. பலகையும் போடவில்லை, வாக்குக் கொடுத்தது சான்றிதழுக்கு, சான்றிதழ் வரவில்லை, அந்தளவில் அவர் நியாயஸ்தர். ஆனால் அடுத்த வருடம் தமிழ் வகுப்புக்குப் பதினொரு பேர் மட்டும் சேர்ந்தால் ராத்தா திரும்பவும் நுழையலாம் என்று மபாஸா சொன்னதிலிருந்து, கடைக்கு வரும் இளைஞர்களிடம் அந்தக் கல்லூரியைப் பற்றி அவர் வாயே திறப்பதில்லை. நூருன்னிஸா திறக்கிறார். கலியாண வீட்டில், மையித்து வீட்டில், பஸ்ஸில், யாராவது ஒரு வாலிபன் சும்மா இருக்கிறான் என்று கேள்விப்பட்டால் போதும், இலவசம், சீசன் டிக்கட், ஓவரோல் என்று தொடங்கிவிடுகிறார். தன் இடத்தைத் தானே அடைத்துக்கொண்டு போகிறார் என்று ஜிப்ரி தலையில் அடித்துக்கொள்கிறார்.

ஊரில் இப்போது பல கதைகள் உண்டு. ஏணியில் ஏற மறுத்ததால் நிறுத்திவிட்டார்கள் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். பையன்களோடு சரிசமமாக உட்கார வெட்கப்பட்டுத் தானே நின்றுவிட்டார் என்பது திரை கட்டிய பெண்களின் கதை. கல்லூரியின் கோப்பில் ‘வயதெல்லை காரணமாக நீக்கம்’ என்று இருக்கிறது. நூருன்னிஸாவைக் கேட்டால், முழங்கால் வலி என்கிறார்.

நடந்தது இவ்வளவுதான். ஒரு பெண்ணை மட்டும் கூட்டிவந்திருந்தால் அவர் வகுப்பில் இருந்திருப்பார். அவர் இரண்டு பேரையும் கூட்டிவந்தார்.